சாமி இல்லை என்பவனுக்கும் தலைக்கட்டு வரி உண்டு

ஊர்ச் சாமிக்கு நடக்கும் கொடை விழாவுக்கு 20 நாள் இருக்கும்போதே எங்கள் ஊரில் இரண்டு பேர் வீடு வீடாக வருவார்கள். ஒருவர் கையில் பணப்பை, இன்னொருவர் கையில் கட்டம் போட்ட நோட்டு. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்த வரியை வாங்கிக்கொண்டு, பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். எனக்குக் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து அந்த நோட்டில் என் பெயரும் இருக்கிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்து எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அது ஊருக்கே தெரியும், நோட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நோட்டில் பெயர், தகப்பனார் பெயர், தொகை, பாக்கி என்று நாலு கட்டம்தான். ஆள் நம்புகிறவரா இல்லையா என்று கேட்கிற கட்டம் இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் நாத்திகனாக வாழ்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்குவேன். வெளியூர் நண்பர்கள், வீட்டில் தினமும் வாக்குவாதம் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் நடந்தது உண்டு. "அப்போ ஒன்னப் படைச்சது யாருல?" என்று மாமா கேட்டார், நான் ஏதோ சொன்னேன், அவர் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். அதோடு அந்த வாதம் முடிந்துபோனது. இந்த 22 வருடத்தில் கடவுள் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒருவரும் என்னை உட்கார வைத்துக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஏன் வரல?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு நெல்லைப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா. அவர் குளத்தங்கரையிலோ, மலையடிவாரத்திலோ, நாலு பனைக்கு நடுவிலோ இருப்பார். குடும்பம் ஊர் மாறி நாலு தலைமுறை ஆகியிருக்கும், சாஸ்தா மட்டும் மாறாமல் அங்கேயே இருப்பார். வருடத்தில் அந்த ஒரு நாள் பங்காளிகள் எல்லாரும் கூடிப் பொங்கல் விடுவார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா மகன், அவன் மகன், போன வருடம் பிறந்த பிள்ளை என்று அங்கேதான் அறிமுகம் நடக்கும். கல்யாணப் பேச்சு வந்தால் "உங்களுக்குச் சாஸ்தா எது?" என்று கேட்பதும் இதனால்தான். பல சமூகங்களில் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் அண்ணன் தம்பி முறை. அங்கே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். தன் சாஸ்தா எதுவென்று தெரியாமல் போன குடும்பம் முகவரி தொலைத்த மாதிரி தவிக்கும். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரிடம் போவார்கள், இல்லையென்றால் திருச்செந்தூர் முருகனையே குலதெய்வமாக வைத்துக்கொள்வார்கள்.

அதாவது, சாஸ்தா என்பது இங்கே உறவுப் பதிவேடு. அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவருக்கு நீங்கள் மனதுக்குள் என்ன நினைக்கிறீர்கள் என்பது தேவையே இல்லை. வந்து நின்றீர்களா என்பதுதான் தேவை. கல்லூரியில் படித்தபோது ஒரு உத்திரத்துக்கு நான் போகவில்லை. எனக்கு அது ஒரு கொள்கை முடிவு. பெரியப்பாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. "நாங்க வேண்டாம்னு சொல்லிட்டான்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கடவுள் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நான் சொன்ன ஒன்றை அவர் வேறொன்றாகப் புரிந்துகொண்டார் என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது யோசித்தால், அந்த மொழியில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

கொடையும் அப்படித்தான். குடியழைப்பு, மாக்காப்பு, உச்சிக்கொடை, சாமக்கொடை என்று வரிசையாக நடக்கும். வில்லுப்பாட்டு ராத்திரி முழுக்க ஓடும். அதில் பாடுகிற கதை உலகத்தைப் படைத்த கடவுளின் கதையாகப் பெரும்பாலும் இருக்காது. கொலையுண்டவர்கள், ஏமாற்றப்பட்ட பெண்கள், அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகி நிற்பார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலிலேயே பட்டவராயன் சன்னதி இருக்கிறது. அவர்தான் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் சமூகத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டிக்கொண்டு, மாமனார் தொழிலையும் ஏற்றுக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர். இன்றைக்கும் அவருக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. சன்னதி முன்னால் ஜோடி ஜோடியாகச் செருப்பு தொங்குவதைப் பார்க்கலாம். அந்தக் கதையை விடிய விடியக் கேட்க எனக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை. சாதி விட்டுச் சாதி போனவனை, செத்த பிறகும் மறக்க முடியாமல் ஊர் செருப்பு வாங்கிக் கட்டுகிறது. அதைக் கேட்டு அழாமல் இருக்கத்தான் எனக்குத் தெரியாது.

இந்தப் பாட்டுகளை எல்லாம் தேடித் தொகுத்து அச்சில் ஏற்றியதும் ஒரு பக்தர் அல்ல. நா. வானமாமலை (1917–1980) மார்க்சியர். நாங்குநேரிக்காரர், பாளையங்கோட்டையில் இருந்தபடி நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார், 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தார். முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தவரும் அவர்தான். பாளையங்கோட்டையின் இன்னொரு பெரிய ஆள் தொ. பரமசிவன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவர். தன்னைப் பெரியாரியர் என்று வெளிப்படையாகச் சொன்னவர், ஆனால் வாழ்நாள் ஆய்வெல்லாம் அழகர்கோயிலும் நாட்டார் தெய்வங்களும்தான். பெரியார் இறந்தது 1973 டிசம்பர் 24, தொ.ப. இறந்தது 2020 டிசம்பர் 24. இதில் எந்த அர்த்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தேதி வரும்போதெல்லாம் இரண்டு பேரையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். இவர்கள் இருவரும் எனக்குக் காட்டியது, நம்பாத ஒருவன் கோயில் வாசலில் வெட்கப்படாமல் நிற்க முடியும் என்பதை.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு போய்விடலாமா? அங்கேதான் எங்கள் சேரன்மகாதேவியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுதந்திரப் போராட்டக்காரரான வ.வே.சு. ஐயர் 1922-இல் சேரன்மகாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்விக்கான இடம் என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, 5,000 கொடுத்தும் விட்டது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு, மற்றவர்களுக்குத் தனியாக. செய்தி வெளியே வந்ததும் அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள், மீதிப் பணம் நிறுத்தப்பட்டது, காந்தி வரை பஞ்சாயத்து போனது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றக் குதித்து இறந்துபோனார். அதே 1925 மே மாதம் பெரியாரின் 'குடிஅரசு' இதழ் தொடங்கியிருந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

தமிழ்நாட்டு நாத்திகம் என்று இன்று நாம் சொல்வதன் வேரில் ஒரு பந்திச் சண்டை இருக்கிறது என்பதை நான் எங்கள் ஊர் மண்ணில் நின்றுகொண்டு அடிக்கடி யோசிப்பேன். கடவுள் உண்டா என்ற கேள்வி அப்புறம் வந்தது. 'குடிஅரசு' அலுவலகத்தைத் திறந்து வைத்ததே திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் என்ற சைவ மடத்துத் தலைவர்தான். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான் முதல் கேள்வி. அதை மறுத்தவர்கள் சாஸ்திரத்தைக் காட்டினார்கள். சாஸ்திரத்தைக் கேட்கப்போய், அது சாமி வரைக்கும் போனது.

அதனால் நான் எனக்காக வைத்திருக்கும் அளவுகோலும் பந்திதான். ஒரு சடங்கு முன்னால் வரும்போது அதில் கடவுள் இருக்கிறாரா என்று நான் பார்ப்பதில்லை. பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருப்பார். அதில் யாராவது ஒதுக்கி நிறுத்தப்படுகிறார்களா என்று பார்க்கிறேன். வரி கேட்டால் கொடுக்கிறேன். பந்தலுக்கு, மைக்செட்டுக்கு, சோற்றுக்கு, வில்லுக்காரர் சம்பளத்துக்குப் போகிற பணம் அது. அந்தச் சோற்றை நானும் சாப்பிடுகிறேன். கோமரத்தாடி சாமி வந்து ஆடிக்கொண்டு என் முன்னால் நின்றால் குனிந்து நெற்றியைக் காட்டுகிறேன். அவர் பகலில் என் சித்தப்பா. துன்னூறு பூசும்போது அவர் கை நடுங்குவது எனக்குத் தெரியும், வேர்வை என் மேல் சொட்டும், "நல்லாரு" என்பார். பொய்யாக அவர் சொல்லவில்லை. ஆனால் சப்பரம் எந்தத் தெரு முக்கோடு திரும்புகிறது என்ற பேச்சு வந்தால் அங்கே நான் சும்மா இருக்க மாட்டேன். எங்கள் ஊரில் அது மூன்று தெருவுக்குள் வராது. இரண்டு ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். முதல் தடவை "சாமியே கும்பிடாதவனுக்குச் சப்பரம் எங்க போனா என்ன?" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்தேன். வரி கொடுக்கிறவன் கேட்கலாம் என்ற பதில் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. இரண்டாம் தடவை அதைச் சொன்னேன். சப்பரம் இன்னும் அந்த முக்கோடுதான் திரும்புகிறது. ஆனால் கேள்வி இப்போது வருடா வருடம் வருகிறது, என்னைவிட இளைய பையன்கள் கேட்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள்.

நண்பர்கள் விஷயம் இதைவிட எளிது. குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காப்புக் கட்டிய நண்பன் காளி வேடத்தில் என் கடை வாசலில் வந்து நின்று காணிக்கை கேட்பான். போட்டுவிட்டு, "ஏலே, தண்ணி குடிச்சியா?" என்று கேட்பேன். அந்தக் கிரீடத்தின் பாரம் எனக்குத் தெரியும்.

வீட்டில் வலிப்பது வேறொன்று, நேர்ச்சை. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை.

எனக்குக் கல்லூரி முடிகிற சமயம் மஞ்சள் காமாலை வந்து நாற்பது நாள் படுத்திருந்தேன். அப்போது அம்மா திருச்செந்தூர் முருகனுக்கு, பிள்ளை எழுந்துவிட்டால் அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டாள். நான் எழுந்தேன். மருந்தில் எழுந்தேன் என்று சொன்னேன். "மருந்தக் குடுத்தது யாரு?" என்றாள். சண்டை போடவில்லை. ஆனால் அந்தக் காசு அங்கேயே தொங்கியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளை அடிக்கும்போது படத்தை இறக்குவோம், முடிச்சு கையில் வரும், அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவாள். துணி மஞ்சள் போய்ப் பழுப்பாகிவிட்டது.

நம்புகிறவர்களுக்கு நேர்ச்சை என்பது கடன். அடைக்காத கடன் பிள்ளைகளின் தலையில் வந்து விடியும். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் என் மகன் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் அம்மா மனதில் முதலில் வருவது அந்த முடிச்சுதான். என்னைக் கேட்காமல் என் பெயரில் வாங்கிய கடன், அதனால் என்னை அது கட்டாது என்று நான் சொல்வது நியாயம்தான். ஆனால் 11 வருடம் ராத்திரியில் தூங்காமல் அந்தக் கடனுக்கு வட்டி கட்டியது நான் இல்லை, அவள். இதை உணர எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது. கடைசியில் ஒரு நாள் அவளே வழி சொன்னாள். "எய்யா, நீ மொட்ட போட வேண்டாம். நான் பூமுடி குடுத்துக்கிடுதேன். நீ என்னக் கூட்டிட்டு மட்டும் போ." போனோம். அவள் முடியிறக்குகிற இடத்தில் உட்கார்ந்து மூன்று விரல் அளவு முடி கொடுத்தாள். கடலில் முக்கு போட்டாள், நாழிக்கிணற்றில் குளித்தாள். நான் அவள் பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு மணலில் நின்றேன். முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்து, "அப்பாடா" என்றாள். அன்றைக்கு வரும் வழியில் பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

ஆணாக இருப்பதால் எனக்கு இவ்வளவு இடம் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் சாமி காரியத்தைச் செய்கிறவர்கள் பெண்கள். விளக்கேற்றுவது, வெள்ளி செவ்வாய் வீடு மெழுகுவது, அமாவாசைக்கு விரதச் சமையல், கொடைக்கு முளைப்பாரி வளர்ப்பது, யார் யாருக்கு என்ன நேர்ந்திருக்கிறோம் என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் அவர்கள் தலையில். ஆண் நம்பவில்லை என்றால் அவன் விலகி நிற்கலாம். வீட்டு வேலையில் ஒன்றும் குறையாது. பெண் நம்பவில்லை என்றால் மறுநாள் விளக்கு எரியாது. அம்பாசமுத்திரம் பக்கம் ஆசிரியையாக இருக்கும் என் தோழி சொன்னது இது: "ஒன்னயக் கொள்கைக்காரன்னுவாங்க. என்னயத் திமிர் பிடிச்சவன்னுவாங்க." அவள் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாததால் திரி போட்டு எண்ணெய் ஊற்றி விளக்கை எடுத்து வைக்கிறாள். ஏற்றுவது மாமியார். எட்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. மாதவிலக்கு நாளில் தள்ளி உட்கார மட்டும் மறுத்துவிட்டாள். அதில் மாமியார் இரண்டு மாதம் பேசவில்லை, அப்புறம் பேசினார். அவளும் பந்தி அளவுகோலைத்தான் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

இதுவரை சொன்னதெல்லாம் இந்துக் குடும்பங்களின் கதை. பாளையங்கோட்டையிலோ நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கமோ பிறந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பதிவேடு சபையில் இருக்கிறது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், சங்கக் காணிக்கை, கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடம் என்று எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தவை. ஆலயத்துக்குப் போகாத பிள்ளையைப் பற்றி அப்பா கவலைப்படுவது நரகத்தை நினைத்து மட்டும் அல்ல. "நாளைக்கு எனக்குப் பக்கத்துல ஒன்ன வைக்க விடுவாங்களா?" என்று கேட்ட ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். அசனத்துக்கு, அதாவது ஆலயத்தில் போடுகிற பொது விருந்துக்கு மட்டும் எல்லாரும் வருவார்கள், நம்பாதவனும் வருவான், பக்கத்துத் தெரு இந்துக்களும் வருவார்கள். ஒரே சோறு, ஒரே குழம்பு. ஆனால் சுவர்கள் அங்கேயும் இருந்திருக்கின்றன. ராதாபுரம் பக்கம் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை 1872-இல் கட்டும்போது இரண்டு சாதியாருக்கு இரண்டு பக்கமாக, கால்சட்டை மாதிரிப் பிரித்துக் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. மதம் மாறினாலும் பந்திக் கேள்வி கூடவே நடந்து வந்திருக்கிறது.

மேலப்பாளையத்து முஸ்லிம் பையன் ஒருவன் நம்பிக்கை இழந்தால் அவன் நிலைமை இன்னும் கடினம். நிக்காஹ் முதல் கபர்ஸ்தான் வரை ஜமாஅத் வழியாகத்தான் போக வேண்டும். அதோடு, வெளியே தன் சமூகத்தைச் சந்தேகமாகப் பார்க்கிற உலகம் இருக்கும்போது, உள்ளே இருந்து ஒருவன் விலகுவது எதிரிக்குக் கை கொடுப்பதாகத் தெரிகிறது. 2017 மார்ச்சில் கோவையில் நாத்திகம் பேசிய ஒரு இஸ்லாமிய இளைஞர் கொல்லப்பட்டதை யாரும் மறந்துவிடவில்லை. வெளியே சொல், தைரியமாக இரு என்று அப்படிப்பட்டவர்களிடம் நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பதும் வாழ்கிற ஒரு வழிதான்; அதற்கு எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்யாண நேரத்தில்தான் பல பேர் அதைத் தேடுகிறார்கள். அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. நம்பாமல் இருப்பதும் அதற்குள் அடக்கம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இன்னாரைத் துணையாக ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொன்னால் போதும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலி கட்டினாலும் சரி, புரோகிதர் தேவையில்லை. அப்படிக் கல்யாணம் செய்ய ஊரைக் கூட்டி விழா நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. ஆனால் இந்தப் பிரிவு இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருந்தால்தான் செல்லும். மதம் கலந்த ஜோடிக்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் செய்ய நினைப்பவர்களுக்கு அந்த 30 நாள்தான் ஆபத்து. இன்னொன்று, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லாரையும் பொதுவாக இந்துச் சட்டமே ஆளும். நான் நாத்திகன் என்று எழுதிக் கொடுத்தாலும் என் சொத்து, வாரிசு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

மக்கள்தொகைக் கணக்கிலும் நாங்கள் தெரிவதில்லை. 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் நாடு முழுக்க 29 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாத்திகர் என்று தனியாகப் பதிவானவர்கள் 33 ஆயிரம் சொச்சம்தான். எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் பெயரைக் கேட்டதும் இந்து என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நானும் திருத்தவில்லை. உள்ளே அம்மா அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

நாத்திகன் உண்மையில் சோதிக்கப்படுவது சாவு வீட்டில். அப்பா இறந்தபோது எனக்கு வயது 38. மூத்த மகன் நான். விடிகாலையில் இறந்தார், மத்தியானத்துக்குள் எடுக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. பெரியப்பா வந்து, "நீர்மாலைக்கு நீ வாரியா, தம்பிய அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே பெரிய காரியம். கல்லூரிக் காலத்தில் உத்திரத்துக்குப் போகாத பையனை மனதில் வைத்துத்தான் கேட்டார். போனேன். வாய்க்காலில் குளித்து, ஈரத் துணியோடு, தலையில் செம்பு வைத்து, மேலே வேட்டியைப் பந்தல் மாதிரிப் பிடித்தபடி மகன்களும் மருமகன்களும் வரிசையாக வந்தோம். அந்தத் தண்ணீரை ஊற்றி அப்பாவைக் குளிப்பாட்டினோம். அவர் முதுகில் ஒரு தழும்பு இருக்கும், சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்தது. அதன் மேல் தண்ணீர் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆத்மா எங்கேயும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவரைக் குளிப்பாட்டுகிற வேலை என்னுடையது என்பதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. கொள்ளி வைத்தேன். திதி, தர்ப்பணம் மட்டும் தம்பியிடம் விட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்தில்தான் தப்புச் செய்தேன். சாவுக்கு வேலை பார்த்த குடிமகனுக்கு, அதாவது ஊர்ச் சடங்குகளுக்கு வேலை செய்கிறவருக்கு, வழக்கமாகக் கொல்லைப்புறத்தில் தூக்குவாளியில் சோறு கொடுத்து அனுப்புவார்கள். நான் அவர் கையைப் பிடித்து முதல் பந்திக்குக் கூட்டி வந்தேன். மாமாக்கள் முகம் மாறியது, ஒருவர் எழுந்தே போனார். அது எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "வேண்டாம் தம்பி. நாளைக்கு நான் இந்தத் தெருவுக்குத்தான வரணும். தூக்குல குடுத்திருங்க" என்றார். எல்லார் முன்னாலும் அவரை நிறுத்தி வைத்தது நான்தான். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து என் மகன் பிறந்தநாளுக்கு அவரையும் அவர் வீட்டம்மாவையும் நேரில் போய் அழைத்தேன், வந்தார்கள், எங்களோடு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர்ப் பந்தியில் இன்னும் அது நடக்கவில்லை.

போன தையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைக்கு உடல் தானம் செய்ய விண்ணப்பம் வாங்கி வந்தேன். நாத்திகர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். நானும் செய்ய நினைத்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் எழுதி வைப்பதால் மட்டும் காரியம் நடக்காது. செத்த அன்றைக்கு உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார். அவர்கள் மாட்டோம் என்றால் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. அதனால் அந்தத் தாளில் நெருங்கிய உறவினரின் சம்மதமும் வேண்டும். மனைவி ஒரு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவிடமும் கொடுத்தேன். சட்டப்படி அவள் கையெழுத்து அவசியம் இல்லை, எனக்கு அவசியம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். எனக்கு முன்னால் அவள் போய்விடுவாள், இதெல்லாம் அவள் பார்க்கப்போவதில்லை என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "படிக்கிற பிள்ளைகளுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்ல காரியம்தான்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ ஒன் மகன் ஒனக்கு நீர்மால எடுக்க முடியாதால?" என்றாள்.

குளிப்பாட்டலாம் அம்மா, கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் வைத்துக் குளிப்பாட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். தாளை நாலாக மடித்து, முன்பு அந்த மஞ்சள் முடிச்சு தொங்கிய ஆணிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "வாய்க்கால்ல இருந்து தண்ணி எடுத்தாத்தான் நீர்மால, குழாத் தண்ணின்னா ஆகாது, அவங்கிட்டச் சொல்லி வை" என்றாள்.